ஹால்ல ஒரு குதிரை நிக்குது

இல்ல மேடம், குதிரைக்கு அப்புறமா வரேன். முதல்ல கடலச் சொல்லிடறேன். கடல் புரியலைன்னா குதிரை புரியாது, குதிரை புரியலைன்னா எங்க கேஸே உங்களுக்குப் புரியாது. நீங்க ஒரே வரியில கேட்டுட்டீங்க, உங்க மனைவி ஏன் பிரியணும்ங்கறாங்கன்னு. ஒரே வரியில பதில் இருந்தா நான் ஏன் லீவு போட்டுட்டு இந்தக் குடும்ப கோர்ட்டுக்கு வந்து உக்காரப் போறேன்? ஒரு படத்தால மேடம். ஆமா, சினிமாப் படம்தான். சிரிக்காதீங்க. இந்த கவுன்சிலிங் ரூம்ல எத்தனையோ பேரு குடி, அடி, இன்னொரு பொம்பளைன்னு வந்து உக்காந்திருப்பாங்க. நம்மகிட்ட அதெல்லாம் கிடையாது. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரு படம் பாத்தோம், அவ்வளவுதான். அது குடும்பத்தக் கெடுத்துடுச்சு.

நான் சும்மா பேசற ஆள் இல்ல. இன்சூரன்ஸ் சர்வேயர். வண்டி இடிச்சுட்டுது, பணம் குடுங்கன்னு கம்பெனிக்கு வருவாங்க இல்ல, அதுல எது நடந்தது, எது ஜோடனைன்னு பிரிச்சு எழுதறதுதான் என் வேலை. இப்பக் கூட ஒருத்தரு, நின்னுட்டிருந்த என் வண்டி மேல தண்ணி லாரி மோதிடுச்சுன்னு கண்ணத் தொடைச்சுக்கிட்டு வந்தாரு. நான் குனிஞ்சு பம்பரப் பாத்தேன். உள்பக்கமா செங்கப் பொடி. லாரியில எங்க சார் செங்கல் இருக்கும்? அவரே ரிவர்ஸ்ல போயி காம்பவுண்டுச் சுவத்துல சொருகியிருக்காரு. கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. என் கண்ணுலேர்ந்து எதுவும் தப்பாது மேடம். அதச் சொல்ல வந்தேன். உண்மை எது, கற்பனை எதுன்னு என்கிட்டயே ஒருத்தி பாடம் எடுத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க.

ஏன் மேடம் அந்தப் பக்கமே பாக்கறீங்க? இங்க பாருங்க. நான்தான பேசிட்டிருக்கேன்.

எங்களுக்கு ஒரு பிலிம் கிளப் இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், எங்க ஹால்ல. பெரிய திரை, ரெண்டு ஸ்பீக்கர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நாங்க சாதாரணப் படம் பாக்க மாட்டோம். அடிதடி, டூயட், அதெல்லாம் வாசல்லயே நிறுத்திடுவோம். யாருக்கும் புரியாத படமா தேடிப் பிடிப்போம். படம் முடிஞ்சதும் நான் எழுந்து பேசுவேன். படம் ரெண்டு மணி நேரம்னா நான் மூணு மணி நேரம். அதனால எனக்கு கிளப்ல பேரே விளக்கம்தான். விளக்கம் வந்தாச்சா, விளக்கம் ஆரம்பிக்கலாமான்னுதான் கேப்பாங்க. மரியாதையா வெச்ச பேருன்னுதான் நினைக்கிறேன். வீட்டுல எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்துடுவாங்க, கப்பெல்லாம் கழுவி வெச்சிடுவாங்க, அதனால ஒரு குறையும் இல்லாம நடந்துட்டிருந்துச்சு.

வீட்டுலன்னா யாரா? வீட்டுலன்னா வீட்டுலதான் மேடம். எல்லாரும் அப்படித்தான சொல்வாங்க, வீட்டுல வரலையா, வீட்டுல சௌக்கியமான்னு. அவளத்தான் சொல்றேன். பேர் சொல்லியா கூப்பிட முடியும்? இந்தா, கேட்டியா, இங்க பாருன்னா திரும்பிடுவா. அப்படியே பழகிடுச்சு.

சரி, படத்துக்கு வரேன். பேரு என் வாய்ல நுழையாது, மொழி அதவிட நுழையாது. கீழ எழுத்து ஓடும், படிச்சுக்கணும். ஒரு ஆள் மேடம். ரயில்வே ஸ்டேஷன்ல, பயணிங்க விட்டுட்டுப் போற சாமானெல்லாம் எடுத்து வைப்பாங்களே, அந்த ஆபீஸ்ல வேலை. குடை, ஒத்தைச் செருப்பு, பல்செட்டு, அப்படின்னு அலமாரி அலமாரியா. சாயங்காலம் வீட்டுக்கு வரான். மாடி வீடு. பொண்டாட்டி கதவத் திறக்கறா, சிரிக்கறா, என்னென்னவோ பேசறா. இவன் சாப்பிட்டுட்டுத் தூங்கறான். அதுவரைக்கும் ஒண்ணுமில்ல. மறுநாள் சமையலறையில மழை பெய்யுது. வெளியில வெயில், உள்ள மழை. அவ குடை பிடிச்சுக்கிட்டு சமைக்கிறா. அதுக்கப்புறம் ஒரு நாள் ஹால்ல ஒரு வெள்ளைக் குதிரை நிக்குது. இவன் அதைச் சுத்திக்கிட்டுப் போயி பேப்பரை எடுத்துப் படிக்கிறான். அப்புறம் கடல். மாடிப்படியில ஒவ்வொரு படியா ஏறி வருது, நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சாவகாசமா. கடைசியில இவன் வேலை முடிஞ்சு வந்து கதவத் தட்டறான், யாரும் திறக்கல. தானே திறந்துக்கிட்டு உள்ள போறான். வீடு பூரா தூசி. வருஷக்கணக்கா யாரும் இல்லாத வீடு மாதிரி. மேஜையில ஒரே ஒரு பிளேட்டு. படம் முடிஞ்சுது.

அந்தக் கடைசி சீன்ல நான் அழுதேன் மேடம். வெக்கப்படாம சொல்றேன், அத்தனை பேரு முன்னாடியும் அழுதேன். அந்த ஆளப் பாத்தா அவ்வளவு பாவமா இருந்துச்சு.

இல்ல மேடம், தண்ணி வேணாம் எனக்கு. ஓ, எனக்கில்லையா. சரி சரி.

எங்க விட்டேன்? ம், கடல். அன்னைக்கு நான் எழுந்து என்ன சொன்னேன்னா, கடல்ங்கறது அடிமனசு. மாடிப்படிங்கறது நாகரிகம். அடிமனசு நாகரிகத்துல ஏறுது. எல்லாரும் தலையாட்டினாங்க. குதிரை அவனோட அடக்கி வெச்ச ஆசைன்னேன். அதுக்கும் ஆட்டினாங்க. எல்லாரும் கிளம்பினதும் எனக்கே ஒரு சந்தேகம், ஆசைன்னா ஏன் வெள்ளையா இருக்கணும்? மறுபடி பாத்தேன். குதிரை அவனோட அப்பா. மூணாந்தடவை பாத்தப்பதான் பிடிபட்டுச்சு, அது சந்தைப் பொருளாதாரம். வாய்ல கடிவாளம் இருக்கு, ஆனா பிடிக்க ஆளில்ல, கவனிச்சீங்களா? அதை வாய்ஸ் மெசேஜா பேசி கிளப் குரூப்புல போட்டேன். பேச்சு நீளம்னு துண்டு துண்டா பன்னெண்டு பாகம். ரெண்டு பேரு குரூப்ப விட்டே வெளிய போயிட்டாங்க. அந்த அளவுக்கு ஆழமா போயிடுச்சு விஷயம்.

படம் போட்ட அன்னைக்கே கலந்துரையாடல்ல ஒரு சம்பவம் நடந்துச்சு. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுதுன்னு அவ உங்களுக்குக் குடுத்த மனுவுல எழுதியிருக்கா, அதனால சொல்லிடறேன். எங்க கிளப்புல ஒருத்தன் இருக்கான், டைரக்டர்னு கூப்பிடுவோம். டைரக்டர் இல்ல, ஏதோ ஒரு படத்துல கூட்டத்த ஒழுங்குபடுத்தற வேலை பாத்திருக்கான், அன்னைலேர்ந்து தொப்பியக் கழட்டறதில்ல. நான் குதிரையப் பத்திப் பேசிட்டிருக்கும்போது அவன் கைய உயர்த்தினான். நண்பர்களே, அந்த மனைவிகிட்ட படத்துல யாருமே பேசலையே, கவனிச்சீங்களா? அவ பேசறா, யாரும் பதில் சொல்லல. பக்கத்து வீட்டுக்காரி பேசல, தபால்காரன் பேசல, புருஷன் கூட பேசல. அப்படின்னா அவ நிஜமா இருக்கவே இல்ல, அவ அவனோட கற்பனை. இப்படிச் சொன்னான் பாருங்க, எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. அப்புறம் கைதட்டல். நானே போயி கட்டிப்பிடிச்சேன். பொறாமைப்பட்டேன்னு வெச்சுக்கோங்களேன், எனக்குத் தோணலையேன்னு. ஆனா கட்டிப்பிடிச்சேன்.

இப்ப இவ என்னாங்கறான்னா, அத முதல்ல சொன்னது அவளாம். டீ டிரேய வெச்சுக்கிட்டு நின்னுட்டு, அந்தப் பொண்ணுகிட்ட யாருமே பேசலையேன்னு சொன்னாளாம். எல்லாரும் கப்ப எடுத்துக்கிட்டு, சக்கரை கம்மி, நல்லா இருக்குன்னாங்களாம். அதே வார்த்தைய கொஞ்ச நேரம் கழிச்சு டைரக்டர் சொன்னதும் கைதட்டினாங்களாம். டைரக்டரக் கேட்டேன் நான். ஆமா, எங்கயோ காதுல விழுந்த மாதிரிதான் இருந்துச்சு, ஆனா மனசுக்குள்ளேர்ந்து வந்த மாதிரியும் இருந்துச்சுன்னான். கலைஞன் மேடம், அவனுக்குத் தெரியாது எங்கேர்ந்து வருதுன்னு. நான் அவகிட்ட நியாயமாத்தான் கேட்டேன், சொன்னதுன்னா உரக்கச் சொல்லியிருக்கலாம் இல்லன்னு. உரக்கத்தான் சொன்னேன்னா. சரி, அதோட விட்டிருக்கலாம். விடல.

மறுநாள்லேர்ந்து ஆரம்பிச்சா மேடம். எனக்கு அப்பத் தெரியாது, மனுவுல படிச்சப்பதான் தெரிஞ்சுது. காலைல நான் ஷூ மாட்டிட்டிருக்கேன். என் முன்னாடி வந்து நின்னு, ஹால்ல ஒரு குதிரை நிக்குதுன்னாளாம். நான், ம்ம், நீலச் சட்டை தேய்ச்சாச்சான்னேனாம். ரெண்டு நாள் கழிச்சு, சமையலறையில மழை பெய்யுதுங்க. நான், சரி சரி, பாத்துக்கோன்னேனாம். நான் மட்டும் இல்ல. எங்கம்மாகிட்ட போயி, அத்தை, குதிரை நிக்குதுன்னிருக்கா. அம்மா டிவியிலேர்ந்து கண்ண எடுக்காம, கால் கழுவிட்டு உள்ள வரச் சொல்லுன்னாங்களாம். பையன்கிட்ட சொல்லியிருக்கா, காலேஜ் படிக்கிறான், எந்நேரமும் காதுல ரெண்டு மெஷின். அவன், நான் வெளிய சாப்பிட்டுக்கறேம்மான்னானாம்.

சிரிப்பு வருதில்ல? எனக்கும் முதல்ல வந்துச்சு. நல்ல காமெடிதான். ஆனா அதையெல்லாம் வரிசையா எழுதி, கோர்ட்டு முத்திரை குத்தி, என் கையில குடுத்தா எப்படி மேடம் சிரிக்க முடியும்? நான் கேக்கறேன், ஒரு மனுஷன் வேலைக்குக் கிளம்பற அவசரத்துல குதிரைய எதிர்பாப்பானா? கிளெய்ம்ல கூட நோக்கம்னு ஒண்ணு பாப்போம். என்னை மாட்டி விடணும்னு வேணும்னே சொன்ன குதிரை அது. நிஜக் குதிரை நின்னிருந்தா நான் கவனிக்காமலா இருப்பேன்? குளம்புச் சத்தம் கேக்குமே.

வேணும்னே சொன்னதாவே இருக்கட்டும், ஏன் கேக்கலைன்னு கேக்கறீங்களா? கேட்டேனே. பதிலும் சொன்னேனே. ம்ம்னா பதில் இல்லையா?

இன்னும் ஒண்ணு இருக்கு, அதுதான் பெரிய மோசடி. பல்லு. எனக்குப் பின்பல்லுல ஒரு வலி, பாடாப் படுத்திடுச்சு. மெயின் ரோட்டுல புதுசா ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருக்கு, போன் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்தாங்க மேடம். என்ன தன்மை, என்ன தன்மை! எந்தப் பக்கம் சார் வலிக்குது, சூடா குடிச்சா வலிக்குதா, சில்லுன்னு குடிச்சா வலிக்குதா, தூக்கம் கெடுதான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. என்னோட வலிய அவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதில்ல. நானும் பல்லுலேர்ந்து ஆரம்பிச்சு, என் வேலை, டென்ஷன், தலைமை ஆபீஸ்ல என்னை மதிக்காதது எல்லாம் சொன்னேன். அப்படியா சார், அப்படியா சார்னு கேட்டுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து இவகிட்ட சொன்னேன், ஒரு பொண்ணு போன்ல பேசுச்சு பாரு, அது பேச்சு, நீயும் இருக்கியேன்னு. இவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா மேடம், அப்படி ஒரு சிரிப்பு, சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத் தரையிலயே உக்காந்துட்டா. நான் நல்ல ஜோக்கு சொல்லிட்டோம் போலன்னு நினைச்சுக்கிட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

அந்தப் பொண்ணு இவதானாம்.

ஆமா மேடம்! நாலு மாசமா அந்த ஆஸ்பத்திரியில வரவேற்பு மேஜையில வேலை பாக்கறாளாம். நான் கிளம்பினதுக்கு அப்புறம் கிளம்பி, நான் வரதுக்குள்ள வந்துடறாளாம். எனக்கு எப்படித் தெரியும்? சொன்னேன்ங்கறா. எப்பன்னா, குதிரை சொன்ன மறுநாள், மழைக்கு முந்தின நாள். எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்குங்கன்னாளாம். நல்லது, வரும்போது பேட்டரி வாங்கிட்டு வான்னேனாம். வாங்கிட்டும் வந்தாளாம். நீங்களே சொல்லுங்க, குதிரைக்கும் மழைக்கும் நடுவுல ஒரு நிஜத்தச் சொருகினா ஒரு மனுஷன் அத எப்படிப் பிரிச்செடுப்பான்? இதத்தான் எங்க லைன்ல உண்மையோட பொய்யக் கலந்து ஏமாத்தறதுன்னு சொல்வோம். கிளெய்ம தள்ளுபடி பண்ணிடுவோம் மேடம்.

என்னது, குரலா? பொண்டாட்டி குரல் தெரியாதான்னு கேக்கறீங்களா? போன்ல எல்லாக் குரலும் மாறும் மேடம். அதுவும் இல்லாம அவ என்கிட்ட அப்படிப் பேசினதே இல்லையே. அவ்வளவு கேள்வி கேட்டதில்லையே. கேட்டாளா, இல்லையா... கேட்டிருப்பா. கல்யாணமான புதுசுல நிறையப் பேசுவா. கலகலன்னு பேசுவா. அப்ப வீடு சின்னது, எல்லாம் காதுல விழும்.

சரி, இதையெல்லாம் வெச்சு அவ என்ன முடிவுக்கு வந்திருக்கான்னா, அந்தப் படம் கற்பனை இல்லையாம். அந்தப் பொம்பளை நிஜமாம். வீட்டுலயேதான் இருந்தாளாம், பேசிக்கிட்டேதான் இருந்தாளாம், கேக்க ஆளில்லாததால கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போயிட்டாளாம். மழை, குதிரை, கடல் எல்லாமே அவ அவன்கிட்ட சொல்லிப் பாத்த விஷயங்களாம். கடைசியா கடல்னு சொன்னப்பவும் அவன் திரும்பலையாம், அதனால கிளம்பிட்டாளாம். நான் சொன்னேன், சரி, தூசி? கிளம்பின அன்னைக்கே எப்படி அவ்வளவு தூசி வரும்? அதுக்கு அவ சொல்றா, தூசி ரொம்ப நாளா இருந்துச்சு, அன்னைக்குத்தான் அவன் பாத்தான்னு. எப்படி இருக்கு பாருங்க! பிலிம் கிளப்ல இதச் சொன்னா யாராவது ஒத்துக்குவாங்களா? குறியீடே இல்லாம ஒரு படமா? குதிரைன்னா குதிரை, பொண்டாட்டின்னா பொண்டாட்டின்னு வெச்சுக்கிட்டா அப்புறம் எங்களுக்கு என்ன மேடம் வேலை?

கிளப்புலயும் சொன்னேனே. மறைக்கல. போன வாரம் படம் போடல, எங்க விவாகரத்தப் பத்திதான் கலந்துரையாடல். நல்ல கூட்டம். ஒருத்தர் சொன்னாரு, உங்க மனைவிங்கறது ஒரு குறியீடுன்னு. எதுக்குன்னு கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னாரு. இன்னொருத்தர் பல்லப் பிடிச்சுக்கிட்டாரு, பல்வலிதான் இதுல மையம்னு. டைரக்டர் தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு, முடிவ உடைச்சுச் சொல்லாத, திறந்தா மாதிரி விட்டுடு, அப்பத்தான் நிக்கும்ன்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு மேடம், நம்ம வாழ்க்கையில இவ்வளவு அடுக்கு இருக்கான்னு. அன்னைக்கு டீதான் வரல. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. எழுந்து போயி நானே போட்டேன். சக்கரை எந்த டப்பாவுலன்னு தெரியல. உப்பப் போட்டுட்டேன். ஒருத்தர், இது வேணும்னே பண்ணினதான்னு கேட்டாரு.

இல்ல, இத ஜோக்கா சொல்லல. சக்கரை டப்பாவத் தேடி ஒவ்வொரு டப்பாவா திறந்துக்கிட்டு அந்தச் சமையலறையில நின்னேன் பாருங்க, அப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கு. என் வீடுதான். நான்தான் வாங்கினேன். ஆனா யாரோ வீட்டுல திருட வந்தவன் மாதிரி நிக்கறேன். எனக்குப் பயமா இருக்கு மேடம். வெளிய சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். அவ போயிட்டா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. இப்பெல்லாம் காலைல எழுந்து ஹாலுக்கு வரும்போது, குதிரை ஏதும் நிக்குதான்னு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுத்தான் வரேன்.

நல்லா சொன்னீங்க. இத அவகிட்ட சொல்லியிருக்கலாம்தான். சொல்லணும். நேரம் வரல.

அதனால நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. நீங்க படிச்சவங்க, இந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க, நீங்க சொன்னா எடுபடும். படம் வேற, வாழ்க்கை வேறன்னு அவளுக்குப் புரிய வைங்க. அந்தப் படத்த எடுத்தவரே ஒரு பேட்டி குடுத்திருக்காரு. கீழ எழுத்து ஓடுச்சு, மூணு தடவை நிறுத்தி நிறுத்திப் படிச்சேன். கடலப் பத்தி அவர்கிட்ட ஒரு நிருபர் கேக்கறாரு, அந்தக் கடலுக்கு என்ன அர்த்தம்னு. அதுக்கு அவரு... ம்ம், சரி சரி, பாத்துக்கோ... அதுக்கு அவரு ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்த மௌனத்த நான் எப்படி எடுத்துக்கறேன்னா, என்ன மேடம், நீங்க ஏன் எழுந்து நின்னுட்டீங்க? உக்காருங்க, முக்கியமான இடம் இது. கதவா? காத்துக்குச் சாத்திக்கிச்சு போல. உக்காருங்க. அந்த மௌனம் இருக்கே, அதுக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, கடல் அவருக்கே தெரியாம வந்திருக்கு. ரெண்டாவது, அத விளக்கறதுக்கு நம்மள மாதிரி ஆளுங்க இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையிலதான் அவரு பேசாம இருந்தாரு. நான் அப்படித்தான் பாக்கறேன்.

போதுங்கறீங்களா? சரி, நேரா கேளுங்க. அவளுக்கு என்ன வேணுமா? அது ரொம்ப சுலபம் மேடம், நான் சொல்றேன். அவளுக்கு ஒண்ணும் வேணாம். கோவம், அவ்வளவுதான். மனசுல இருக்கறதக் கொட்டிட்டா ஆறிடும். பத்து நாள் அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும், நான் தடுக்கவா போறேன்? பல் ஆஸ்பத்திரி வேலைக்கும் போகட்டும். நான் அந்தக் காலத்து ஆள் இல்ல.

நான் சொல்லக் கூடாதா? அவளே சொல்லணுமா? தாராளமா. நான் என்ன அவ வாயப் பொத்தியா வெச்சிருக்கேன்? இதோ பக்கத்து நாற்காலியிலதான உக்காந்திருக்கா, வந்ததுலேர்ந்து. ஒரே கார்லதான வந்தோம். இந்தா, மேடம் கேக்கறாங்க பாரு, உனக்கு என்ன வேணும்னு...

எங்க?

இப்பதான இருந்தா. பாத்ரூம் போயிருப்பா. பையக் காணோமே. பையெல்லாம் எடுத்துக்கிட்டா பாத்ரூம் போவாங்க? கிளம்பிட்டாளா? எப்ப மேடம்? நான் இங்கயேதான இருக்கேன், எங்கயும் போகலையே. என்னைத் தாண்டித்தான போகணும்.

இல்ல, சொல்லாம எப்படிப் போவா? சொல்லிட்டுத்தான் போனாளா? என்கிட்டயா? இல்ல மேடம், உங்ககிட்ட சொல்லியிருப்பா. தோள்ல கை வெச்சாளா? என் தோள்லயா? குனிஞ்சு சொன்னாளா? சொல்லிட்டு நின்னாளா, நான் பதில் சொல்ற வரைக்கும்? பதில் வேற சொன்னேனா நான்?

மேடம், ஒரு நிமிஷம். அவ என்ன சொன்னா?